தொடாத சாட்டை

மாதாகுளத்தில் அந்தத் தவக்காலம் முழுக்க டெல்பினின் சாட்டை ஒருத்தர் மேலும் படவில்லை என்பதும் உண்மை, படாத அந்தச் சாட்டையால் ஊரில் பாதிப்பேர் முதுகு தடித்துக் கிடந்தது என்பதும் உண்மை. இதில் எது எப்படி என்று எங்களிடம் கேட்டால், அண்ணாந்து பார்த்துவிட்டு இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்றுதான் சொல்வோம். அதையெல்லாம் யோசிக்க எங்களுக்கு ஏது நேரம், தடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதா விளக்கெண்ணெய் தடவுவதா என்பதிலேயே ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது.

டெல்பின் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம். அந்த மாதம் அந்தப் பிள்ளை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எங்களுக்கு மூச்சு வாங்கியது. விடியும்போதே பூசை, பூசையில் பாட்டு, பாட்டு முடிந்த கையோடு பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே, அங்கிருந்து ஈரத்தலையோடு பேருந்தைப் பிடித்தால் கல்லூரி, திரும்பி வந்து இறங்கினால் வெள்ளிக்கிழமையென்றால் சிலுவைப்பாதை, மற்ற நாளென்றால் பாடகர் குழு, அது முடிந்தால் சேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை, நடுவில் மாவட்டப் போட்டிக்குத் தனிப் பயிற்சி, இதற்குள் எப்போது தின்றாள் எப்போது படித்தாள் என்று பெற்றவளுக்கே தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளை நாங்கள் அவளைக் காட்டித்தான் ஏசினோம். எல்லாவற்றுக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. அடுத்த வீட்டுக்குப் போக மட்டும்தான் நேரம் வாய்க்கவில்லை, அதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வீட்டில் ஷைனி இருந்தாள். இருவரும் ஒரே வருஷம் பிறந்து, ஒரே நாளில் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கி, ஒரே குடையில் பள்ளிக்கூடம் போய், கராத்தேயிலும் ஜோடியாகவே சேர்ந்தவர்கள். அந்த வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு வேகமாக அடித்தாலும் எதிராளியின் தோலுக்கு ஒரு விரல் இடைவெளியில் கை நின்றுவிட வேண்டும், தொட்டால் தோல்வி. அப்படி நிறுத்துவதில் டெல்பினுக்கு ஈடு கிடையாது, அவள் கை வீசினால் எதிரே நிற்பவளின் முன்முடி பறக்கும், நெற்றியில் ஒன்றும் ஆகாது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஈஸ்டர் பூசைக்குத் தனிப்பாட்டு பாட ஷைனியைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த நாள் காலை மைதானத்தில் டெல்பினின் புறங்கை ஷைனியின் இடது காதில் போய் விழுந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர், சேரலாம், சேராமலும் போகலாம் என்றார். அவளேதான் முன்னால் வந்து விழுந்துவிட்டாள் என்று டெல்பின் சொன்னாள். தொடாத கைக்காரி சொன்னால் நம்பாமல் என்ன செய்வது, நாங்கள் நம்பினோம். ஒரு காது போனதும் சுதி பிடிபடாமல் ஷைனி பாடகர் குழுவின் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தாள், தனிப்பாட்டு டெல்பினுக்கு வந்தது.

கை காதுக்கு ஒரு விரல் தூரத்தில் வந்தபோது டெல்பினால் நிறுத்த முடிந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். அந்த விரல் தூரத்தில்தான் அவள் அந்த மாதம் முழுக்கக் குடியிருந்தாள்.

பாஸ்காவை நடத்துகிறவர் சைக்கிள் கடை கஸ்பார் அண்ணாச்சி. சேசுவைக் கற்றூணில் கட்டி அடிக்கிற படைவீரன் வேஷத்தை ஒரு பொம்பளைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாரே என்று சிலர் முனகினார்கள். அண்ணாச்சி யாருக்கும் காது கொடுக்கவில்லை.

“ஏட்டி டெல்பின், போன வருசம் சாட்ட எடுத்த பய கை தப்பிப் போயி சேசுவுக்கு நெசமாவே ரெத்தம் வந்துட்டு, சேசு மேடையிலயே அவன கெட்ட வார்த்தையில வஞ்சிட்டாரு. ஒங்கைதான் தொடாத கை. நீதான் அடிக்கணும்” என்றார்.

தொடாத கை என்று அவர் சொன்னபோது டெல்பின் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் சரி என்றாள்.

சேசுவாக நடித்தவன் பேக்கரியில் வேலை பார்க்கும் தொம்மை, பன் வாசனை அடிக்கும் நல்ல பையன். முதல் ஒத்திகையில் டெல்பின் கயிற்றுச் சாட்டையைச் சுழற்றி அவன் முதுகுக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்தினாள், காற்று பட்டதற்கே தொம்மை பிரமாதமாக அலறினான். அதே நேரம் மூன்று தெரு தள்ளி இட்லி மாவு விற்கும் அற்புதம், கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தவள், ஐயோ என்று முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரவிக்கையை இறக்கிப் பார்த்தால் தோளிலிருந்து இடுப்பு வரை விரல் கனத்துக்குச் சிவந்த தடிப்பு, கயிற்றின் முறுக்குகூட அதில் தெரிந்தது.

நாங்கள் யாரும் அதிசயப்படவில்லை. தவக்காலத்தில் இதெல்லாம் நடக்கும்தான் என்றாள் ஒருத்தி. அற்புதம் மட்டும் அழுதாள். சேசு வாங்க வேண்டிய அடி தனக்கு வந்திருக்கிறதென்றால் தன்னிடம் பாவம் இருக்கிறதென்று அர்த்தம் என்று அவளாகவே சொல்லிக்கொண்டு, மாவில் தண்ணீர் கலந்ததை வீடு வீடாகப் போய் ஒப்புக்கொண்டாள். கடைசியாகத் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். தாய் சாகும் தறுவாயில் தங்கைக்கு ஆள் அனுப்பாத அக்கா அவள், அதனால் பல வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அற்புதம் மாவைப் பற்றிச் சொல்லி அழ, அக்காவும் தாங்கமாட்டாமல் அந்தப் பழைய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அழ, இருவரும் கட்டிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே தடிப்பு மறைந்தது. ஆக, அடி விழுவது பாவம் செய்தவர் மேல், ஒப்புக்கொண்டால் ஆறிவிடும் என்று நாங்கள் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தது தப்பு, ஆனால் அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒத்திகைக்கு ஒத்திகை ஊரில் யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். தடிப்பு வேதம் மதம் பார்க்கவில்லை, டீக்கடை சுடலைமுத்துவுக்கும் வந்தது, அவரும் கோயில் வாசலில் வந்து நின்று பழைய தூளையே திரும்பக் கொதிக்க வைப்பதாக ஒப்புக்கொண்டார், அது எங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல்காரர் முதுகு இறக்கிய ரவிக்கைகளை ஏற்றித் தைத்துக் கொடுத்தே இளைத்துப் போனார். பேருந்தில் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கோயிலைச் சுற்றி வந்தது. பெண்டாட்டி புருஷனிடம் சொன்னாள், அதைக் கேட்டு இளகிப் போய்ப் புருஷன் தன்னுடையதையும் சொன்னான், இருவர் தடிப்பும் ஆறியது. இரவல் வாங்கித் திருப்பாத குத்துப்போணிப் பாத்திரங்கள் வீடு திரும்பின. தடிப்பே வராதவர்களுக்குத்தான் சங்கடம், நான் என்ன மனுஷி இல்லையா, எனக்கென்று ஒரு பாவம்கூடவா இருக்காது என்று ஒரு அம்மாள் சாமியாரிடம் போய்ச் சண்டை போட்டாள். சாமியார் இதை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நாள் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார், பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார், அதில் எங்களுக்கு மெத்த சந்தோஷம்.

டெல்பின் தினமும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்ப்பாள். பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். முதலில் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு நிம்மதியாக இருந்தது, பிறகு அந்த நிம்மதியே ஒரு சாட்சி மாதிரி ஆகிவிட்டது. ஊரில் எல்லாருடைய பாவத்தையும் தேடிப் போகிற சாட்டை என்னைத் தேடி வரவில்லையே, அப்படியென்றால் நான் செய்தது பாவமே இல்லை, கை தவறியதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினாள், இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடினாள்.

இதற்குள் ஷைனி முதுகிலும் தடிப்பு வந்திருந்தது. தாய் ரெஜினாள் அவளுக்குத் தலைக்கு ஊற்றும்போதுதான் பார்த்தாள். மற்றவர்களுக்கு ஒன்று வந்தது, ஆறியது. ஷைனிக்கு ஒன்றின் மேல் ஒன்றாக, ஒத்திகைக்கு ஒத்திகை ஏறிக்கொண்டே போனது, குப்புறப் படுத்து ஒருக்களித்துத் தூங்கி, கடைசியில் உட்கார்ந்தே தூங்கினாள். விஷயம் வெளியே கசிந்ததும் நாங்கள் சும்மா இருப்போமா. ஒப்புக்கொள்ளாமல் ஏதோ வைத்திருக்கிறாள், அதனால்தான் ஆறவில்லை என்றோம். காதுக்கு அடிபட்ட பிள்ளையாயிற்றே, பாவம் என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, அமுக்கமானவள்தான் பார்த்துக்கொள் என்று இன்னொரு வாயால் சொன்னோம். யாருடனாவது பழக்கமா, பரீட்சையில் ஏதாவது தில்லுமுல்லா என்று தினம் ஒருத்தி புதிதாகக் கிளப்பிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். கோயில் வாசலில் அவளைப் பார்க்கிற பெண்கள் எல்லாரும் அவளுடைய நல்ல காதுப்பக்கமாகப் போய், சொல்லிரு தாயி, சொல்லிட்டா ஆறிரும் என்று அன்பாகச் சொன்னார்கள்.

பேக்கரி வாசலில் ஒரு நாய் உண்டு, தொம்மை போடும் உடைந்த ரஸ்க்குக்காக அவன் பின்னாலேயே ஒத்திகைக்கு வந்துவிடும். ஒரு சாயங்காலம் டெல்பின் சாட்டையை வீசி நிறுத்தியபோது, அவள் கண்ணெதிரிலேயே அந்த நாய் வீல் என்று கத்தித் துள்ளியது. அதன் விலாவில் முடியைப் பிளந்துகொண்டு சிவப்பாக ஒரு வரி எழும்பியது. எல்லாரும் சிரித்தார்கள். திருட்டு நாய், எந்த வீட்டுக் கருவாட்டைத் தின்றதோ, அதுவும் வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்று கஸ்பார் அண்ணாச்சி சொன்னார். டெல்பின் சிரிக்கவில்லை. புதிய வரிக்குப் பக்கத்திலேயே முடி முளைக்காமல் வெளுத்துப்போன பழைய பொக்குளத் தழும்பு ஒன்று இருந்தது. அது போன மழைக்காலத்தில், சைக்கிள் கடை வாசலில் ஒதுங்கிய நாய் மேல் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சித்தண்ணீர் ஊற்றப்பட்ட இடம். ஊற்றியது அண்ணாச்சி. ஊருக்கே தெரியும், அண்ணாச்சி முதுகு வழவழவென்று இருப்பதும் ஊருக்கே தெரியும்.

சாட்டை செய்தவர்களைத் தேடிப் போகவில்லை, பட்டவர்களைத் தேடித்தான் போகிறது என்று அந்த இடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. அற்புதத்தின் தடிப்பு ஆறியது அற்புதம் மாவைப் பற்றிச் சொன்னதால் இல்லை, அக்கா வாய் திறந்ததால். எங்கள் எல்லாரிடமும் ஏதாவது ஒரு குற்றம் கைவசம் இருந்ததால், அடி விழுந்ததும் யார் செய்தது என்று கேட்காமல் நான் என்ன செய்தேன் என்று தேடிக்கொண்டிருந்தோம். ஷைனியின் முதுகு டெல்பின் எழுதிய சுவர்.

இதை ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். சொன்னால் ஷைனி முதுகு தடித்தது யாரால் என்று கேட்பார்கள். மாவட்டப் போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் வலிக்காமலிருக்கட்டும் என்று சாட்டையை மெதுவாக வீசினாள், ஒரு விரலுக்குப் பதில் ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள், ஆனால் எவ்வளவு மெதுவோ அவ்வளவு ஆழமாக ஷைனி முதுகில் விழுந்தது, ரெஜினாள் ஐயோ மகளே என்று அலறியது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தாண்டிக் கேட்டது. டெல்பின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு காதையும் பொத்த முடிந்ததற்காக வெட்கப்பட்டாள்.

ரெஜினாள் அவளிடமே வந்தாள்.

“ஏட்டி, நீ ஒருக்கா வந்து கேளேன். ஒங்கிட்டன்னா சொல்லுவா. என்னத்த மறைக்கான்னே தெரியல” என்றாள்.

“நாளைக்கு வாரேன் சித்தி, இன்னைக்குப் பரீட்சைக்குப் படிக்கணும்” என்றாள் டெல்பின்.

அந்த நாளைக்கு வரவேயில்லை. போட்டி முடிந்தது, தொடாமல் அடித்தே வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தாள், சாமியார் பூசையில் அவளை எழுப்பி நிற்கச் சொன்னார், நாங்கள் கை தட்டினோம். அவள் நின்றபோது கடைசி பெஞ்சில் ஷைனியும் கை தட்டிக்கொண்டிருந்தாள், கையைத் தூக்க முடியாமல் மடிமேலேயே வைத்துத் தட்டினாள்.

குருத்து ஞாயிறன்று நடந்ததைத்தான் நாங்கள் நினைக்க விரும்புவதில்லை. பவனி முடிந்து ஆளுக்கொரு குருத்தோலையோடு கோயில் முற்றத்தில் நின்றோம். ஷைனி நடுவில் வந்தாள். முகம் வெளிறி, கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டு, ஒரு மாதத்தில் பாதியாகியிருந்தாள். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள், என்னத்தைச் சொன்னால் இவர்கள் விடுவார்கள் என்று கணக்குப் பார்க்கிற பார்வை அது என்பது இப்போது புரிகிறது.

“நாந்தான் முன்னால போயி விழுந்தேன். டெல்பின் மேல பழி வரட்டும்னு வேணும்னே போனேன்” என்றாள்.

அப்பாடா என்று எங்களுக்கு நெஞ்சு லேசானது. பெண்கள் அழுதார்கள், ரெஜினாள் மகளைக் கட்டிக்கொண்டாள். அதோடு விட்டோமா என்றால் இல்லை. டெல்பினைப் பிடித்து முன்னால் தள்ளினோம். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுட்டி, பிள்ள எவ்வளவு கஷ்டப்பட்டுட்டா என்றோம். டெல்பின் தரையைப் பார்த்தாள். ஷைனி அவள் சொல்வது கேட்க வேண்டுமென்று நல்ல காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

“மன்னிச்சிட்டேன்” என்றாள் டெல்பின்.

அந்த நேரம் சாட்டை நாடகக் கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் ஷைனியின் கழுத்துக்குப் பின்னால், சட்டைக் காலருக்கு மேலே, நாங்கள் எல்லாரும் பார்த்திருக்க, ஒரு தடிப்பு மெல்ல எழும்பி இடது காதுக்குக் கீழ்வரை போய் நின்றது. அவள் கத்தவில்லை, ஓலையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். கடைசிப் பாவம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். டெல்பின் அன்று சாப்பிடவில்லை. குடித்த தண்ணீரெல்லாம் கண் வழியாகவே திரும்பி வந்தது.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே பாஸ்கா தொடங்கியது. பாயில் முன்வரிசையில் ரெஜினாள் மகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள், அடிபடுகிற காட்சியைக் கிட்டத்தில் பார்த்தால் மிச்சமும் ஆறும் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். தொம்மையைக் கற்றூணில் கட்டினார்கள். அட்டைத் தலைக்கவசமும் ஜிகினா மார்க்கவசமுமாக டெல்பின் வந்தாள், சாட்டையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து கஸ்பார் அண்ணாச்சி, அடிட்டி, அடி என்று பல்லைக் கடித்தார். அடித்துத் தொலை, கை மரத்துப் போகிறது என்று சேசுவும் வாய்க்குள்ளேயே சொன்னார். டெல்பின் கீழே பார்த்தாள். சாட்டை ஓங்கியிருந்ததால் ஷைனி கண்ணை மூடி, தோளைக் குறுக்கி, தயாராக இருந்தாள்.

டெல்பின் சாட்டையைப் போட்டாள். மேடைப் பக்கவாட்டுப் படி வரை போகக்கூடப் பொறுக்காமல் முன்னாலேயே குதித்து இறங்கி, பாயில் முழங்காலிட்டாள்.

“அவ முன்னால வரல. அவ நின்ன எடத்துலயே நின்னா. நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. அந்தப் பாட்டு எனக்கு வேணும்னு இருந்துச்சு” என்றாள்.

முதலில் அது வசனம் என்று நினைத்துச் சிலர் அழுதார்கள், அண்ணாச்சி கதைத்தாளைப் புரட்டினார். பிறகு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு விஷயம் விளங்கிக்கொண்டே போனது. அடி யார் மேல் விழுந்தது, யார் மேல் விழவில்லை என்று ஒவ்வொருவரும் அந்த மாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். எங்கள் வீட்டில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள் யார் என்று நினைத்தோம், அவர்களை என்ன பாவம் செய்தாய் என்று கேட்டது நாங்கள்தான் என்று நினைத்தோம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேடையைப் பார்த்தோம். மேடையில் சேசு அவிழ்த்துவிட ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

டெல்பின் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லப் பயந்தாள், அதை அவள் குருத்து ஞாயிறன்றே செலவழித்துவிட்டாள். கையைக்கூட நீட்டவில்லை. ஷைனி தன் நல்ல காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, மற்ற காதை டெல்பினின் வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

“இந்தக் காதுல சொல்லு” என்றாள்.

டெல்பின் சொன்னாள். ஷைனி கேட்கவில்லை என்று தலையை அசைத்தாள். டெல்பின் கிட்டப் போய், நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல என்று மறுபடியும் சொன்னாள், அதற்கும் தலையை அசைத்தாள். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து, எங்கள் எங்கள் வீட்டில் பேச வேண்டியதைப் பேசுவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு போனபோதும், டெல்பின் அதையே உரத்த குரலில், எங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள், ஷைனி இன்னும் கேட்கவில்லை, இன்னும் கேட்கவில்லை என்று தலையை அசைத்துக்கொண்டிருந்தாள்.